பூக்கோவா (காலிஃபிளவர்) மஞ்சூரியன் சோஸில் போட்டதும் நமத்துப் போகிறது, என்ன செய்யலாம்?

களுவாஞ்சிக்குடி_அம்மா:
வருகிற வெள்ளி மகனுக்குப் பிறந்தநாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி இல்லை, பொடியன் கேட்பதோ டெவல் மாதிரி உறைப்பாக ஏதாவது. சரி என்று கோபி மஞ்சூரியன் செய்து பார்த்தேன். எண்ணெயிலிருந்து எடுக்கும்போது நல்ல மொறுமொறு. சோஸில் பிரட்டி மேசைக்கு வருவதற்குள் ரசத்தில் ஊறிய வடை மாதிரி ஆகிவிடுகிறது. பூக்கோவாவை முதலில் அவித்தேன். கோதுமை மா ஒரு கப், கோர்ன் பிளவர் இரண்டு மேசைக்கரண்டி. பின்னேரம் இருபது பேர் வருவார்கள். முன்கூட்டியே செய்து வைக்க வழி உண்டா? கடையில் வருகிற சிவப்புக்குக் கலரிங் போட வேண்டுமா?

கல்லடி_தாச்சி:
தங்கச்சி, சோஸில் பிழை இல்லை. பூவுக்குள் நிற்கிற தண்ணீர்தான் விஷயம். அவிக்கவே கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு, அடுப்பை நிறுத்திவிட்டுப் பூவைப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும், புழு இருந்தால் மிதந்து வரும். வடித்துத் துணியில் பரப்பி, காம்புப் பக்கம் மேலே இருக்க, காற்றாடிக்குக் கீழே விடுங்கள். வெலிமடையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ லொறி ஏறி நம்மிடம் வருவதற்குள் அது பாதி வாடித்தான் இருக்கும். வாடினதே பொரிக்க நல்லது.

மாவில் கோதுமை மா அதிகம். அது இழுவையாகி, மெதுமெதுவென்று சோஸைக் குடிக்கும். கோர்ன் பிளவரும் கோதுமை மாவும் சரிக்குச் சரி, அதில் ஒரு கைப்பிடி அரிசி மா. குளிர்ந்த தண்ணீர் விட்டு, பூவில் மெல்லிசாக ஒட்டுகிற பதத்தில் கரையுங்கள். அதிகம் அடிக்க வேண்டாம்.

பொரிப்பது இரண்டு தரம். மத்தியானம் நடுத்தரச் சூட்டில் வெளிறின நிறத்தில் எடுத்து, கம்பித் தட்டில் ஆற விடுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு எண்ணெயை நன்றாகச் சூடாக்கி மறுபடி போடுங்கள். முதலில் சடசடவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி, குமிழி சின்னதானால் தண்ணீர் போய்விட்டது, எடுக்கலாம். முன்கூட்டிச் செய்கிற வழி இதுதான்.

சோஸையும் காலையிலேயே வைக்கலாம். இஞ்சி, உள்ளி (பூண்டு), பச்சைக் கொச்சிக்காய், பெரிய வெங்காயம், கறி மிளகாய் எல்லாவற்றையும் பெரிய நெருப்பில் பிரட்டி, சோயா சோஸ், மிளகாய் சோஸ், தக்காளி சோஸ், கொஞ்சம் வினாகிரி. கரைத்த கோர்ன் பிளவரை மட்டும் கடைசியில் விடுங்கள். சோஸ் மினுங்கி, அகப்பையில் ஒட்டினதும் அடுப்பை நிறுத்திவிட்டுப் பூவைப் போட்டு இரண்டு பிரட்டு. ஒரே தாச்சியில் இருபது பேருக்கும் கொட்டினால் அவிந்துதான் போகும், ஐந்து ஐந்து பேருக்காகப் பிரட்டுங்கள்.

மிளகாய்த்தூள், கறித்தூள் போடுவது நம் ஊர்ப் பழக்கம், இதில் வேண்டாம். தோஹாவில் ஹோட்டல் குசினியில் என் பக்கத்து அடுப்புக்காரன் கொல்கத்தாவின் தாங்ராக்காரன், சீனக் கடைகள் நிறைந்த இடம். சமையல்காரர் நெல்சன் வாங் 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப்பில் இதைக் கோழியில் செய்த கதையை அவன்தான் சொன்னான். இஞ்சி, உள்ளி, பச்சை மிளகாய் நம் பக்கத்து ருசி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சோஸ். பூக்கோவா பிறகு சைவக்காரருக்காக வந்தது. தூள் போட்டால் அது பூக்கோவாப் பிரட்டல். அதுவும் ருசிதான், வேறு சாப்பாடு.

கல்முனை_ராத்தா:
கலரிங் வேண்டாம் தங்கச்சி. 2024 மார்ச்சில் கர்நாடகாவில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் போடுவதையே தடை செய்தார்கள். சோதித்த 171 மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை. காஷ்மீர் மிளகாய்த்தூள் அரைக் கரண்டி மாவில் கலந்தால் நிறம் வரும், உறைப்பு ஏறாது. (கல்லடி நானா தூள் வேண்டாம் என்கிறார், இதை மட்டும் பொறுத்துக்கொள்ளட்டும்.) தேங்காயெண்ணெயில் பொரிக்காதீர்கள், சோயா சோஸோடு அந்த வாசம் சேராது.

திருக்கோவில்_பெடியன்:
பூக்கோவா விலைக்கு இருபது பேருக்கா? பலாப்பிஞ்சில் செய்யுங்கள். அவித்துப் பிழிந்து இதே மாவில் போட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கல்லடி_தாச்சி:
ராத்தா, நிறத்துக்கு என்றால் சரி. தம்பி, கண்டுபிடிப்பார்கள். பலா நாராக வரும், பூ உடைந்து வரும். ஆனால் காசுக்குச் சொன்னது நியாயம், பாதிக்குப் பாதி கலக்கலாம். பலாவை வேறாகப் பொரியுங்கள், அதற்கு நேரம் அதிகம்.

களுவாஞ்சிக்குடி_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. வராதவர்களுக்குப் பெட்டியில் கட்டிக் கொடுக்கலாமா?

கல்லடி_தாச்சி:
பூவை வேறு, சோஸை வேறு கட்டுங்கள். மூடியில் இரண்டு ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் ஆவியிலேயே நமத்துவிடும்.