கடல் அட்டைத் தடை: நீக்கிவிட்டு அளவோடு பிடிக்க விடலாமா?

கரைவலை:
பேச்சு எதைப் பற்றி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் அட்டை குளிப்பது, அதாவது கடலில் மூழ்கி அட்டை எடுப்பது, தலைமுறைத் தொழில். 1982இல் வந்த விதி, காய்ந்த அட்டை 3 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி செய்யக்கூடாது என்றது. 2001இல் மத்திய அரசு எல்லாக் கடல் அட்டை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அளவு விதியிலிருந்து ஒரே தாவலில் முழுத்தடை.

இதனால் பிடிப்பு நின்றதா? கடத்தல் மூட்டைகள் இன்றும் பிடிபடுகின்றன. விசைப்படகு கடலடியில் இழுத்துவரும் இழுவைமடி வலையில் அட்டை தானாக ஏறுகிறது. எத்தனை கிலோ, என்ன இனம், என்ன நீளம் என்று இறங்குதுறையில் எழுதிவைக்க மட்டும் இப்போது யாரும் இல்லை, ஏனென்றால் எழுதினால் அது குற்றப் பத்திரிகை ஆகிவிடும்.

என் கோரிக்கை சிறியது. வெள்ளை அட்டை (ஹோலோதூரியா ஸ்கேப்ரா) ஒன்றை மட்டும், வரைந்து குறித்த சில இடங்களில், கையால் மட்டும், ஒதுக்கீடு (இத்தனைதான் எடுக்கலாம் என்ற வரம்பு) வைத்துப் பிடிக்க விடுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2004 முதல் கடலை 154 கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 3 ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 15 நாள் மட்டும் பிடிக்கிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

தாழை:
கரைவலை அண்ணே, குயின்ஸ்லாந்தைச் சொன்னீர்கள், பாதியைத்தான் சொன்னீர்கள். அங்கே மொத்த உரிமமே 18. படகு எங்கே நிற்கிறது என்பது செயற்கைக்கோளில் தெரியும். அங்குள்ள பவளத் தொடரில் கருப்பு முலை அட்டை என்ற இனத்தை அளவுக்கு மீறி எடுத்து 1999இல் மூடினார்கள். திரும்பத் திறக்க 2019 ஆனது. பணமும் ஆளும் கண்காணிப்பும் உள்ள இடத்திலேயே 20 ஆண்டு.

அட்டை ஏன் இவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் ஒதுக்கீடு பேசக்கூடாது. ஆண் அட்டையும் பெண் அட்டையும் சேர்வதில்லை. தலையைத் தூக்கி நின்று விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன. ஒரு பெண் அட்டை லட்சக்கணக்கில் முட்டை விட்டாலும், பக்கத்தில் ஆண் இல்லையென்றால் அத்தனையும் நீரோட்டத்தோடு போய்விடும். ஒரு ஹெக்டேருக்கு 10 முதல் 50 அட்டைக்குக் கீழே போனால், இருக்கிறவை உயிரோடு இருந்தும் இனம் பெருகாது என்பது இத்துறையில் பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. கடலில் அட்டை கண்ணில் படுகிறது என்பதால் கூட்டம் நலமாக இருக்கிறது என்று பொருளில்லை.

3 அங்குல விதி ஏன் தோற்றது என்பதையும் பாருங்கள். அவித்துக் காய்ந்த வெள்ளை அட்டை, உயிரோடு இருந்த நீளத்தில் பாதிக்கும் கீழே சுருங்கும். எனவே காய்ந்த 3 அங்குலம் என்பது முதல் முட்டை விடும் பருவத்தை இன்னும் ஒழுங்காகத் தாண்டாத அட்டை. அதை ஏற்றுமதிக் கிடங்கில் அளந்து என்ன பயன்? அளவு குறைந்த அட்டை அங்கே வருவதற்குள் செத்துக் காய்ந்திருக்கும். திருப்பிக் கடலில் விடவா முடியும்? பெரிதாக வளரும் இனத்துக்கும் சிறிய இனத்துக்கும் ஒரே அளவு என்பது அடுத்த பிழை.

கரைவலை:
ஒப்புக்கொள்கிறேன், அளவை உயிரோடு இருக்கும்போதே, படகிலேயே பார்க்கவேண்டும். அது விதியை மாற்றுவதற்கான காரணம். தடையைத் தொடர்வதற்கான காரணம் அல்ல.

அளவுகோல்:
இரண்டு பேரும் எண்ணிக்கையைப் பேசுகிறீர்கள், எண்ணுவது எப்படி என்று யாரும் பேசவில்லை. அங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் கவிழ்கின்றன.

வழக்கமான முறை, 50 மீட்டர் கயிற்றைக் கடலடியில் விரித்து, இருபுறமும் 1 மீட்டர் அகலத்துக்கு எண்ணுவது. ஒரு கயிறு 100 சதுர மீட்டர். கூட்டத்தின் அடர்த்தி ஹெக்டேருக்கு 30 என்று வையுங்கள். அப்படியானால் 3 கயிற்றுக்கு ஒரு அட்டைதான் கிடைக்கும். மற்றவை சுழியம். 60 கயிறு விரித்தால் 0.6 ஹெக்டேர், சுமார் 18 அட்டை. அவை சீராகச் சிதறியிருந்தாலே பிழை கிட்டத்தட்ட 24 சதவீதம் வரும். அட்டை திட்டுத் திட்டாகக் கிடப்பதால் உண்மையில் இன்னும் கூடும். எனவே "20 இடத்தில் பார்த்தோம், நன்றாக இருக்கிறது" என்ற அறிக்கைக்கு மதிப்பே இல்லை.

பெரிய பரப்புக்குப் படகின் பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு இழுபட்டுப் போய், 300 மீட்டர் நீளம் 2 மீட்டர் அகலம் எண்ணும் முறை உண்டு. தெளிந்த பவளக் கடலுக்கு அது நல்லது. கலங்கல் கூடின பாக் நீரிணைத் தாழைப் (கடற்புல்) படுகையில் பலகைக்குக் கீழே ஒன்றும் தெரியாது.

அடுத்த சிக்கல், வெள்ளை அட்டை மண்ணுக்குள் புதையும். அதிலும் சிறியவை பகலில் புதைந்து மாலைக்குப் பிறகு மேலே வரும். காலை 10 மணிக்கு எண்ணினால் குட்டியே இல்லை என்று தோன்றும், இரவில் எண்ணினால் நிறைய இருக்கும். எந்த நேரம், எந்த நீர்மட்டம் என்று முதல் ஆண்டில் வைத்தீர்களோ அதையே எல்லா ஆண்டும் வைக்கவேண்டும். சில கயிறுகளில் மட்டும் 1 மீட்டர் சதுரச் சட்டகம் வைத்து மேல்மண்ணை விரலால் துழாவி, புதைந்தவை எத்தனை என்று ஒரு திருத்த விகிதம் எடுக்கவேண்டும். தாழைப் படுகை, வெறும் மணல், சேறு, பார் (பாறைத் திட்டு) என்று முதலில் வரைபடத்தில் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடத்தைச் சீட்டுக் குலுக்குவதுபோல் எடுக்கவேண்டும். குளியாளிகள் (மூழ்கி அட்டை எடுப்பவர்கள்) "இங்கே நிறைய கிடக்கும்" என்று காட்டும் இடத்தில் மட்டும் எண்ணினால் கணக்கு ஊதிப்போகும்.

தாழை:
நீளத்தையும் எடையையும் எப்படி எடுப்பது? தொட்டாலே சுருங்குமே.

அளவுகோல்:
அதனால்தான் தொடுவதற்கு முன்பே, கிடந்த கிடையில், வளைவோடு நாடாவை வைத்து நீளமும் நடு அகலமும் எடுக்கிறோம். நீளத்தை மட்டும் நம்பக்கூடாது, இரண்டையும் சேர்த்தால் எடையோடு நன்றாகப் பொருந்தும். எடைக்கு, தூக்கியதும் பின்புறத்தால் தண்ணீரைப் பீய்ச்சும், அதை வடியவிட்டு ஒரே கால அளவுக்குப் பிறகு தராசில் வைக்கவேண்டும். ஒருவர் உடனே நிறுத்து, இன்னொருவர் 2 நிமிடம் கழித்து நிறுத்தால் அதே அட்டை இரண்டு எடை காட்டும்.

மீனின் செவிக்கல்லில் வளையம் பார்ப்பதுபோல் அட்டைக்கு வயது பார்க்க வழியில்லை. குத்தின அடையாளச் சீட்டையும் உதறிவிடும். எனவே ஆண்டுதோறும் எடுக்கும் அளவுப் பட்டியல் ஒன்றுதான் கூட்டத்தின் நாடித்துடிப்பு. பெரியவை குறைந்துகொண்டே வந்தால் பிடிப்பு அதிகம். குட்டி வரிசையே இரண்டு ஆண்டு காணவில்லை என்றால் இனப்பெருக்கம் தோற்றிருக்கிறது.

கரைவலை:
சரி, கணக்கு கிடைத்தபின் ஒதுக்கீடு எப்படி?

அளவுகோல்:
சராசரியை எடுக்கக்கூடாது, நம்பக எல்லையின் (பிழையைச் சேர்த்தால் உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சின்) கீழ்முனையை எடுக்கவேண்டும். எடுத்துக்காட்டுக்கு மட்டும் சொல்கிறேன். 400 ஹெக்டேர் படுகை, ஹெக்டேருக்குச் சராசரி 40, கீழ்முனை 25 என்றால், இருப்பு 16,000 அல்ல, 10,000. அதில் 5 சதவீதம் என்று வைத்தால் 500 அட்டை. குறைவாக எண்ணினால் எல்லை அகலும், ஒதுக்கீடு குறையும். எனவே நன்றாக எண்ணுவதில் குளியாளிகளுக்கே ஆதாயம் உண்டு. இந்த ஒரு ஏற்பாடு பல பேச்சுக் கூட்டங்களுக்குச் சமம்.

தாழை:
உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 10 பேர் இறங்கி, ஆளுக்கு நாளொன்றுக்கு 25 எடுத்தால், 500 இரண்டே நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் யார் போய் நிறுத்துவது? பப்புவா நியூ கினியா 2009இல் மூடி 2017இல் திறந்தபோது, பிடிப்பு வேகமாகக் குவிந்து சில மாகாணங்களில் ஒதுக்கீட்டைத் தாண்டிவிட்டது. எட்டு ஆண்டு சேர்த்ததை வாரக்கணக்கில் இழக்கலாம்.

வடகரை:
நீரிணைக்கு இந்தப் பக்கத்தில இருந்து ஒரு விசயம். இலங்கையில அட்டை பிடிக்க உரிமம் வேணும், கொண்டுபோக வேற அனுமதி வேணும். ஆனா உரிமம் எண்டுறது தாளில ஒரு பேர். எத்தனை பேருக்குக் குடுக்கிறது, ஒவ்வொருத்தரும் எவ்வளவு எடுக்கலாம் எண்டு உச்சவரம்பு இல்லாட்டி அது கட்டுப்பாடு இல்ல, வெறும் பட்டியல்தான்.

இந்தத் தொழில் எங்கயும் ஒரே படிக்கட்டிலதான் இறங்கும். கரையோரம் விலை கூடின இனம் குறையும், பிறகு விலை குறைஞ்ச இனத்தை எடுப்பினம், பிறகு சிலிண்டரோட ஆழத்துக்குப் போவினம். மொத்த எடையை மட்டும் எழுதினா வரைபடம் ஆண்டு முழுக்க நேர்க்கோடா இருக்கும், உள்ளுக்குள்ள இனம் ஒவ்வொண்டா அழிஞ்சுகொண்டு இருக்கும். பதிவு இனவாரியா இருக்கோணும். ஆழத்தில எத்தனை நேரம் நிண்டவை எண்டும் எழுதோணும், ஏனெண்டால் அட்டை குறையக் குறைய குளியாளி நிக்கிற நேரமும் ஆழமும் கூடும். நரம்பு வாதத்தில விழுறது அவைதான்.

கரைவலை:
வடகரை சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் சிலிண்டரும் கம்ப்ரசரும் வேண்டாம், மூச்சுப்பிடித்துக் குளிப்பது மட்டும் என்கிறேன். ஆழத்தில் கிடப்பவை தாமாகவே தாய்க்கூட்டம் ஆகிவிடும்.

நிறுத்துவது யார் என்ற கேள்விக்கு: இறங்குதுறை ஒன்றே ஒன்று. அட்டை குடல் எடுக்காமல் முழுசாக அங்கே வரவேண்டும். எண்ணி, அளந்து, அன்றைய மொத்தத்தைப் பலகையில் எழுதவேண்டும். வியாபாரியின் காய்ந்த சரக்கையும் நிறுக்கவேண்டும். வெள்ளை அட்டை காய்ந்தால் உயிர் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் நிற்கும். இறங்கியது 100 கிலோ என்றால் கிடங்கில் 5 கிலோ சுற்றி இருக்கவேண்டும், 9 இருந்தால் 4 கிலோ கள்ளவழி.

உப்புக்கால்:
அந்த 5ஐக் கல்வெட்டாக்காதீர்கள். பதம் மாறினால் விகிதம் மாறும். வயிற்றைக் கீறிக் குடலெடுத்து, அவித்து, ஈரமணலில் ஒரு இரவு புதைத்து, மேலே உள்ள சுண்ணாம்புத் தோல் நெகிழ்ந்ததும் தேய்த்து எடுத்து, மறுபடி அவித்து, வெயிலில் காயவைப்பார்கள். தோலை அரைகுறையாக எடுத்தாலோ, உள்ளே ஈரம் நின்றாலோ, உப்புப் போட்டாலோ எடை ஏறும். அந்தந்தக் கரையில், அந்தந்த முறைக்கு, எண் போட்ட அட்டைகளை நிறுத்துக் காயவைத்துத் தனி விகிதம் எடுங்கள். பதம் கெட்ட அட்டை வெடித்து மதிப்பிழக்கும், அதை ஈடுகட்ட இன்னும் நாலு பிடிப்பார்கள். அதுவும் மேலாண்மைதான்.

காய்ந்தபின் இனம் தெரியவில்லை என்ற சாக்கும் வேண்டாம். தோலில் கடுகளவு வெட்டி, துணி வெளுக்கும் ப்ளீச்சில் போட்டால் சதை கரைந்து சுண்ணாம்பு நுண்முட்கள் மிஞ்சும். கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் மேசை வடிவமும் பொத்தான் வடிவமும் இனத்தைச் சொல்லிவிடும்.

கரைவலை:
பொரிப்பகக் குட்டிகளை விட்டுக் கூட்டத்தை நிரப்பலாமே? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் 1988லேயே வெள்ளை அட்டைக் குஞ்சு பொரித்துக் காட்டியது.

அளவுகோல்:
பொரிப்பது முடியும், பிழைக்க வைப்பதுதான் பாடு. மிதக்கும் புழுப்பருவத்துக்கு நுண்பாசி கொடுத்து ஏறத்தாழ 2 வாரம் வளர்த்து, பாசி படிந்த தகட்டில் ஒட்டவைத்து, பிறகு மணலுக்கு மாற்றவேண்டும். 3 கிராமுக்குக் குறைந்த குட்டியைக் கடலில் விட்டால் நண்டுக்குத் தீனி. தாழை அடர்ந்த ஆழமில்லாத இடத்தில், சிறிதுநாள் கூண்டில் வைத்து விட்டாலும் பெருவாரி சாகும். சில தாய் அட்டைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் விட்டால் மரபுவளம் குறுகும். பிடிப்புக்கு ஈடாக இதைக் காட்டவே கூடாது.

தாழை:
அப்படியானால் என் நிபந்தனையைச் சொல்கிறேன். முதல் 3 ஆண்டு பிடிப்பு இல்லை, அனுமதி பெற்று எண்ணிக்கை மட்டும், குளியாளிகளுக்குக் கூலி கொடுத்து. அடர்த்தி எந்த எண்ணுக்குக் கீழே போனால் மூடுவது என்பதைத் திறப்பதற்கு முன்பே அரசாணையில் எழுதவேண்டும். அந்த எண் வந்தால் கூட்டம் போட்டுப் பேசாமல் தானாக மூடவேண்டும். குறித்த படுகையில் இழுவைமடி நுழையக்கூடாது. மடியில் ஏறும் அட்டை குடலைக் கக்கிவிடும். கையால் பிடிப்பவனை எண்ணிக்கொண்டு மடியை விட்டுவைத்தால் எல்லாக் கணக்கும் வீண்.

கரைவலை:
மூன்றும் சரி. ஆனால் 3 ஆண்டு நீளம். இரண்டு முட்டைப் பருவம் பார்த்தால் போதாதா?

அளவுகோல்:
போதாது. முதல் ஆண்டு எண்ணுபவர்களுக்குக் கண் பழகவே போய்விடும். ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, வேறுபாடு பத்தில் ஒன்றுக்குள் வந்தபிறகுதான் அவர்கள் எண் கணக்கில் சேரும். மீதி இரண்டு ஆண்டுதான் நீங்கள் கேட்கிற இரண்டு பருவம்.