டொரன்டோவுக்குக் கொண்டுபோகும் குளிர் உடைகள்: எதை, எங்கே கொடுப்பது?

ஈசூன்_அக்கா:
வணக்கம். மகள் குடும்பத்தைப் பார்க்க அக்டோபர் கடைசியில் டொரன்டோ போகிறேன். மகன் எட்மன்டனில் படித்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த வின்டர் ஜாக்கெட், கம்பளி சுவெட்டர், பூட்ஸ் எல்லாம் இங்கே அலமாரியின் மேல்தட்டை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. நம் சிங்கப்பூரின் 30 டிகிரியில் அவற்றை யார் போடுவது? புளோக் கீழே இருக்கும் மறுபயனீட்டுத் தொட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை. குளிரில் நடுங்குகிற ஒருவர் உடம்பில் இருக்க வேண்டிய துணி அது. 23 கிலோ பெட்டியில் எதை எடுத்துப்போவது, அங்கே யாரிடம் கொடுப்பது? பழகியவர்கள் சொல்லுங்கள்.

பொங்கோல்வாசி:
அக்கா, நான் அங்கே இருந்த காலத்தில் வீடற்றோர் காப்பகம் ஒன்றின் துணி அறையில் தொண்டூழியம் செய்திருக்கிறேன். பெண்களின் சுவெட்டர் மூட்டை மூட்டையாக வரும். ஆண்களுக்கான பெரிய அளவு கோட்டுக்கு மட்டும் எப்போதும் தட்டுப்பாடு. உங்கள் மகனுடைய ஜாக்கெட்டுகளுக்குத்தான் பெட்டியில் முதல் இடம்.

ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் கிடந்த துணியை அப்படியே மடித்து வைத்துவிடாதீர்கள். ஜாக்கெட்டைத் திருப்பி, உட்பக்கத்தை உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைச் செதில் உதிர்ந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ, தண்ணீர் புகாமல் காக்கும் பூச்சு கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக். ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் சிதைந்துவிடும். பூட்ஸின் அடிப்பாகமும் பலவற்றில் அதே பொருள்தான். இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். வெடிப்பு விட்டாலோ பொடியாக உதிர்ந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள், பனியில் நடப்பவருக்குப் பாதி வழியில் அடி கழன்றுவிடும். அப்புறம் ஜிப். மேலும் கீழும் பலமுறை இழுத்துப் பாருங்கள். -20 டிகிரியில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு, கழுத்துவரை ஏறாத ஜிப்பால் என்ன பயன்?

சாக்ஸை இங்கே வாங்க வேண்டாம். பருத்தி நனைந்தால் சூடு நிற்காது, கால்விரலில் பனிக்கடி வந்துவிடும். கம்பளி சாக்ஸ் அங்கேயே வாங்கிப் புதிதாகக் கொடுங்கள்.

எங்கே என்றால், நியூ சர்க்கிள்ஸ் என்ற அமைப்பு தேவைப்படுவோருக்குக் காசு வாங்காமல் துணி தருகிறது. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்துவ அறநிறுவனத்தின் கடையில் கொடுத்தால் விற்று, அந்தப் பணத்தைச் சேவைக்குச் செலவிடுவார்கள். வேல்யூ வில்லேஜ் என்ற பழைய துணிக் கடை லாபத்துக்கு நடக்கும் நிறுவனம், தான் வாங்கும் துணிக்கு அறநிறுவனங்களுக்குப் பணம் தருகிறது. என்னைக் கேட்டால், நேராக ஒருவர் தோளுக்குப் போய்ச் சேரும் இடம்தான் நல்லது. காப்பகத்தில் கொடுப்பதானால் போனில் கேட்டுவிட்டுப் போங்கள், பலவற்றில் வைக்க இடம் இருக்காது. டிசம்பர் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். நவம்பரிலேயே கோட் கேட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

தேக்கா_மாமா:
தம்பி சொன்னது சரி. துவைப்பது பற்றி மட்டும் நான் சொல்கிறேன் அம்மா. இறகு வைத்த ஜாக்கெட்டுக்கு மென்மையான சோப்பு, குளிர்ந்த தண்ணீர் போதும். சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். காசு போட்டுத் துவைக்கும் கடையில் பெரிய டிரையர் இருக்கும். குறைந்த சூட்டில், இரண்டு டென்னிஸ் பந்தையும் உள்ளே போட்டு ஓட்டுங்கள், கட்டி கட்டியாக ஒட்டிய இறகு பிரிந்து வரும். ஒரே ஓட்டத்தில் காயாது, திரும்ப ஓட்ட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வாடை வந்துவிடும்.

மழைக்காதலி:
பெட்டியில் இடம் இல்லாமல் மிஞ்சுவதை இங்கேயே கொடுக்கலாம் அக்கா. அப்பர் புக்கிட் தீமா சாலையில் சால்வேஷன் ஆர்மி கடை இருக்கிறது. ஆண்டிறுதி விடுமுறையில் கொரியா, ஜப்பான் போகிறவர்கள் ஒரு வாரப் பயணத்துக்குப் புதுக் கோட் வாங்க யோசிப்பார்கள். நல்ல நிலையில் இருந்தால் அவர்களுக்கு உதவும்.

ஈசூன்_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. பூட்ஸை வளைத்ததுமே அடிப்பாகம் பொடிந்துவிட்டது, அதை விட்டுவிட்டேன். ஜாக்கெட்டுகள் நன்றாக இருக்கின்றன. காப்பகத்துக்குப் போன் செய்ய மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். பேரனுக்குச் சின்னதாகிவிட்ட ஸ்னோ பேன்ட் அங்கே மகள் வீட்டில் இருக்கிறதாம். அதையும் வாங்கிக்கொள்வார்களா?

பொங்கோல்வாசி:
கட்டாயம் கொடுங்கள் அக்கா. அங்கே பனி கொட்டினாலும் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியேதான் விளையாட விடுவார்கள். புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்களிடம் பல நேரம் அது இருக்காது. பேரனின் பள்ளியிலேயே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அப்படிப்பட்ட பிள்ளைகளை ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும்.