1200 டிகிரியில் வராத தொல்லை 300 டிகிரியில் வருகிறது: செங்கல்லில் வெப்பம் சேமித்தவர்களின் அனுபவங்கள்

உயர் வெப்பத்தைச் செங்கல்லில் சேமிக்கிறோம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை டிகிரி தாங்கும் என்றுதான். இரும்பு உருக்கும் ஊது உலைக்குக் காற்றைச் சூடாக்கும் ஹாட் ஸ்டவ் பக்கமே பல வருடம் இருந்தவன் நான், அந்தக் கேள்வியால் எனக்குத் தூக்கம் கெட்டதே இல்லை. பொறியாளர் கௌப்பர் 1857இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடுதான் அடிப்படையில் இன்றும். கேஸை எரித்து, அந்தப் புகையைத் துளை போட்ட செக்கர் செங்கல் அடுக்கு வழியாக மேலிருந்து கீழே இறக்குவோம், செங்கல் சூடேறும். அப்புறம் வால்வை மாற்றிக் குளிர்காற்றைக் கீழிருந்து ஏற்றினால் 1100, 1200 டிகிரியில் வெளியே வரும். ஒரு உலைக்கு மூன்று நான்கு ஸ்டவ், ஒன்று காற்று கொடுக்கும்போது மற்றவை சூடேறிக்கொண்டிருக்கும்.

டோம் என்கிற உச்சிக் கூரையும் செக்கரின் மேல்பகுதியும் சிலிக்கா செங்கல். சாதாரண களிமண் செங்கல் அந்தச் சூட்டில் தன் தலைமேல் இருக்கும் பாரத்துக்கு வருடக்கணக்கில் மெல்லத் தொய்ந்துவிடும், சிலிக்கா அசையாது. 600 டிகிரிக்கு மேல் அது விரிவதும் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, அதனால் 1000க்கும் 1300க்கும் நடுவே எத்தனை தடவை ஏற்றி இறக்கினாலும் கவலையில்லை. ஆனால் 600க்குக் கீழே அதே செங்கல் வேறு ஆள். படிக அமைப்பு மாறும், அதிலும் 100 முதல் 300 டிகிரிக்குள் விரிவு திடீர் திடீரென்று எகிறும். மொத்தத்தில் ஒரு மீட்டர் சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதற்காகவே விரிவு மூட்டுகளில் எரிந்துபோகும் அட்டையை வைத்துக் கட்டுகிறோம், புது ஸ்டவ்வை முதன்முதலாகச் சூடேற்ற வாரக்கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்.

ஏற்றியதை இறக்கவும் கூடாது. உலையை மாதக்கணக்கில் நிறுத்தினாலும் ஸ்டவ்வுக்குள் சின்னதாக ஒரு பர்னர் எரிந்துகொண்டே இருக்கும், கணக்குப் பிரிவில் ஒவ்வொரு முறையும் 'காலி ஸ்டவ்வுக்கு எதுக்கு சார் கேஸ்?' என்று கேட்பார்கள். நான் இருந்த ஒரு ஆலையில் அப்படி ஒரு நிறுத்தத்தின் நடுவில் கேஸ் வரத்து நின்றுபோனது. சிலிக்காவின் அடி வரிசையில் இருந்த தெர்மோகப்பிள் என்கிற வெப்பமானி 700, 650 என்று இறங்க இறங்க, எண்ணெய் பர்னரை எங்கிருந்தோ வரவழைத்துக் கட்டி முடிப்பதற்குள் ஒரு பக்கம் 600ஐத் தாண்டிக் கீழே போய்விட்டது. பிறகு திறந்து பார்த்தபோது அந்தப் பக்கத்துச் செக்கர் மட்டும் வெடித்துத் துளைகள் அடைத்துக் கிடந்தன, 1300 டிகிரி பார்த்த மேல் வரிசைகளில் ஒரு கீறலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. டோம் 1400ஐத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் அதிகம் உண்டாகும். அவை மூட்டுகள் வழியாகக் கசிந்து இரும்புக் கூட்டின் உட்பக்கம் போய் ஈரத்தோடு படியும். வெல்டு ஓரமாக உள்ளிருந்து விரிசல் ஓடும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். சுடும் இடத்தில் பிறக்கிறது, ஆறும் இடத்தில் கடிக்கிறது.

* * *

நான் கண்ணாடி உலைக்காரன், இங்கேயும் இதே கதைதான். எங்கள் ரீஜெனரேட்டர், அதாவது புகையின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் செங்கல் அறை, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை திசை மாறும், மேல்செக்கர் எல்லாம் மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) செங்கல், அங்கே ஒன்றும் ஆகாது. கண்ணாடி உருகும்போது கிளம்பும் சோடியம் சல்பேட் ஆவி, நடுச்செக்கரில் 1100க்கும் 800க்கும் இடையில் படிகிறது. 884 டிகிரியில் உருகும் உப்பு அது. எரிப்பிலும் காற்றோட்டத்திலும் அந்த எல்லை மேலும் கீழும் போய்வரும், ஆகவே உப்பு செங்கல்லுக்குள் ஊறும், உறையும், மறுபடி உருகும், செங்கல் சிதையும், கீழே துளை அடைபடும். அடியிலிருந்து பர்னர் வைத்து உப்பை உருக்கி வடிப்பதுதான் வழக்கமான வைத்தியம்.

* * *

நான் மூன்றாவது ஆள், நாங்கள் பார்த்தது மின்சாரத்தில் சூடேற்றும் சேமிப்பு. ரோண்டோ நிறுவனம் 2023இல் கலிஃபோர்னியாவில் ஒரு எத்தனால் ஆலையில் வைத்ததே, அந்த மாதிரி. மின்சாரம் மிச்சமாகக் கிடைக்கும் நேரத்தில் செங்கல்லைப் பழுக்கக் காய்ச்சி, தேவைப்படும்போது காற்றை ஊதி, அந்தச் சூட்டைப் பாய்லரில் நீராவியாக எடுப்பது. மேலே சொன்ன இரண்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், எங்களுக்குத் தினமும் சூட்டை ஆழமாக இறக்கச் சொல்லி ஆசை வரும். கணக்கு அப்படி. ஒரு டன் செங்கல்லை 1200இலிருந்து 600 வரை ஆறவிட்டால் சுமார் 180 யூனிட் வெப்பம், 200 வரை விட்டால் சுமார் 300. நீராவிக்கு 200 டிகிரியே போதும் எனும்போது, 600இல் நிறுத்து என்றால் எந்த முதலாளி கேட்பார்?

எடைக்கும் இடத்துக்கும் நிறைய வெப்பம் பிடிக்கும் என்று மக்னீசியா போட்டிருந்தார்கள். பாய்லரில் ஒரு குழாய் லேசாகக் கசிய, சுற்றிவரும் காற்றில் ஈரம் ஏறி, அது முதலில் தொடும் அடி வரிசை 150, 200 டிகிரியில் இருக்க, மக்னீசியா ஹைட்ராக்சைடாக மாறத் தொடங்கியது. அப்படி மாறினால் கன அளவு இரண்டு மடங்குக்கு மேல். செங்கல் உப்பி, ஓரம் உதிர்ந்து, கடைசியில் கையால் வழிக்கலாம் போல மாவாகிவிட்டது. 350, 400 டிகிரிக்கு மேல் இருந்த வரிசைகள் அதே காற்றைத்தான் குடித்தன, சும்மா இருந்தன. அடி வரிசைகளை அலுமினா கூடிய களிமண் செங்கல்லாக மாற்றினோம், காற்றுச் சுற்றில் ஈரமானி வைத்தோம். மாலிப்டினம் டைசிலிசைடு ஹீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், 1700 டிகிரியில் அட்டகாசமாக நிற்கும், 500 பக்கம் நீண்ட நேரம் உட்கார வைத்தால் பொடியாகும். அந்த வரம்பைச் சட்டென்று தாண்டிவிட வேண்டும்.

கண்ணாடி உலைக்காரருக்கு ஒரு கேள்வி: நடுச்செக்கரில் மக்னீசியாவுக்குப் பதில் என்ன போடுகிறீர்கள்? எங்களுக்கும் உதவுமா?

* * *

கண்ணாடி உலைக்காரனின் பதில் இது: மக்னீசியா-சிர்கான் செங்கல், இல்லையென்றால் உருக்கி வார்த்த அலுமினா-சிர்கோனியா-சிலிக்கா கட்டி, சிலுவை வடிவில். வார்த்த சரக்கில் உப்பு ஊற இண்டு இடுக்கு கிடையாது, அதனால் நிற்கிறது. உங்கள் சுற்றில் வெறும் காற்றும் ஈரமும்தான் என்றால் அவ்வளவு செலவு வேண்டாம், நீங்கள் போட்ட களிமண் செங்கல்லே போதும். ஒன்று மட்டும் பாருங்கள், அதில் இரும்பு குறைவாக இருக்கட்டும். என்றைக்காவது உள்ளே கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் 500 டிகிரி வாக்கில் அந்த இரும்புப் புள்ளியில் கரி படிந்து செங்கல்லைப் பிளக்கும்.