சமபக்க முக்கோணியில் ஏன் எப்போதும் 60 பாகை?

கேள்வி (களுவாஞ்சிக்குடி): மகள் சமபக்க முக்கோணியின் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகை என்று பாடமாக்கி வைத்திருக்கிறாள், ஆனால் பக்கம் 5 சென்ரிமீற்றர் என்றாலும் 50 மீற்றர் என்றாலும் எப்படி அதே 60 வரும் என்று கேட்கிறாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பதில் (கல்முனை): அருமையான கேள்வி. இருசமபக்க முக்கோணியில் சம பக்கங்களுக்கு எதிரேயுள்ள கோணங்கள் சமன்தானே. இங்கே எந்த இரண்டு பக்கத்தை எடுத்தாலும் சமன், அப்போ மூன்று கோணமும் சமன். கூட்டுத்தொகை 180, மூன்றால் வகுத்தால் 60. நீளம் கணக்குக்குள் வரவே இல்லை, பாருங்கள்.

பதில் (அக்கரைப்பற்று): கடதாசியில் ஒன்று வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து உச்சிகளை ஒரே புள்ளியில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். நேர்கோடு வரும், 180 என்பது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி கேட்டவர்: சரி, இன்றிரவே வெட்டிப் பார்க்கிறோம்.