பல்லாங்குழி கேம் பண்ணிருக்கேன், சொந்த சைட்ல விக்கவா ஸ்டோர்ல போடவா?

பாளை_பையன்
வணக்கம், பாளையங்கோட்டைல இருந்து எழுதுதேன். ஆச்சி கூட மரப்பலகைல வெளாண்ட பல்லாங்குழிய விண்டோஸ்ல வெளாடுத மாதிரி ஒரு கேமா பண்ணிருக்கேன், ரெண்டு பக்கமும் ஏழேழு குழி, பசு எடுக்கதுலாம் எங்க தெரு கணக்குப்படியே இருக்கும். வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ராத்திரி உக்காந்து ஒன்றரை வருஷமாச்சு. 200 ரூவா வைக்கலாம்னு நெனைக்கேன். சொந்த சைட்ல வித்தா முழுசும் நமக்கு, கம்ப்யூட்டர் கேம் விக்குத ஆன்லைன் கடையான ஸ்டீம்ல போட்டா நூத்துக்கு 30 அங்கயே போயிருது, அதாவது 60 ரூவா, அத நெனச்சாதான் மனசு ஆற மாட்டேங்கு. கூட வேலை பாக்கவன் "ஒன் ஒழைப்ப எதுக்குல அடுத்தவனுக்கு குடுக்க"ன்னு கேக்கான். தனியாளா பண்ணுதவங்க எதுக்கு ஸ்டோருக்கு போறீங்க?

அம்பை_அண்ணாச்சி
தம்பி, நான் சொந்த சைட்ல ரெண்டு வருஷம் வித்தவன், கடைக்காரங்க ஸ்டாக் பாக்க சின்ன சாஃப்ட்வேர். முழுக்காசும் நமக்குங்கது நெசந்தான், ஆனா என் நேரம் எங்க போச்சுன்னு கேளுங்க. முன்பின் தெரியாத ஈஎக்ஸ்இ ஃபைல தொறந்தா விண்டோஸ் எச்சரிக்கை காட்டும், காட்டத்தான் செய்யணும், அதப் பாத்ததும் பாதிப்பேரு வைரஸ்னு அழிச்சுருவாங்க, மீதிப்பேரு எனக்கு போன் போடுவாங்க. நான் வச்சிருந்த பேமென்ட் கேட்வேல காசு போயிரும், சாஃப்ட்வேர தொறக்குத லைசென்ஸ் கீ போவாது, ராத்திரி 11 மணிக்கு உக்காந்து ஒவ்வொருத்தருக்கா கீ அனுப்புவேன். வெர்ஷன் மாத்துனா பழைய ஆளுக அத்தன பேருக்கும் மெயில். அடுத்த சாஃப்ட்வேருக்கு ஒரு வரி கோடு எழுத முடியல.

அந்த 60 ரூவா டவுன்லோடுக்கு இல்ல தம்பி. வெளிநாட்ல ஒருத்தர் வாங்குனா அந்த நாட்டு வாட் வரிய புடிச்சு கட்டுதது, அப்டேட்டு, ரீஃபண்டு எல்லாம் அவங்க தலைல. வாங்கி 14 நாளைக்குள்ள, 2 மணி நேரத்துக்கு கம்மியா வெளாண்டிருந்தா ஸ்டீமே காச திருப்பிக் குடுத்துரும். நம்ம பேரே கேள்விப்படாதவன் தைரியமா வாங்குதது அதனாலதான், கடைய நம்பி வாங்குதான்.

முத்துநகர்_பிக்சல்
அண்ணாச்சி சொல்லுதது சரி, ஆனா ஸ்டோர்னா ஸ்டீம் மட்டுந்தானா? இட்ச் டாட் ஐஓ 2013ல இருந்து இருக்கு, நொழைய காசு கெடையாது, அவங்களுக்கு எத்தன சதவீதம்னு நம்மளே முடிவு பண்ணலாம், நம்ம மாத்தலன்னா 10, ஜீரோ கூட வைக்கலாம். ஸ்டீம்ல கேமுக்கு 100 டாலர் கட்டணும், 1000 டாலருக்கு வித்தாதான் அது திரும்பி வரும், கட்டுன பெறவு 30 நாள் கழிச்சுதான் ரிலீஸ். என் மொத கேமுல இருந்த ஓட்டை ஒடசல் எல்லாம் இட்ச்ல வெளாண்டவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது, அதுவே ஸ்டீம்னா ரிவ்யூல ஏறிருக்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க: 2021 ஏப்ரல்ல இருந்து பேபால்ல இந்தியாக்குள்ள பேமென்ட் கெடையாது, இட்ச்ல உங்க பேபால நேரா இணைச்சா நம்மூர்க்காரங்க அதுல கட்ட முடியாது, சொந்த சைட்டுக்கும் இதே கததான். ஸ்டீம்ல யூபிஐ இருக்கு.

தென்காசி_சாரல்
எனக்கு ஒப்பல. ஸ்டீம்ல வாங்குனவங்க ஈமெயில் உங்க கைக்கு வராது, நாளைக்கு ஸ்டீம்காரங்க விதிய மாத்துனா ஒங்க ஆளுக யாருன்னே ஒங்களுக்கு தெரியாது. சைட்ட மட்டும் விட்றாதீங்க.

அம்பை_அண்ணாச்சி
அது ஞாயம், நானும் சைட்ட மூடல. விக்கத மட்டும் நிறுத்திட்டு மெயில் லிஸ்ட்டுக்கு வச்சிருக்கேன். தம்பி, ஸ்டீம்ல போடப்போறீங்கன்னா பக்கத்த சீக்கிரமே தொறந்து வைங்க, விஷ்லிஸ்ட்ல சேத்தவங்களுக்கு ரிலீஸ் அன்னிக்கு ஸ்டீமே மெயில் அனுப்பிரும். ஆமா, போனுக்கு உண்டா? எங்க வீட்ல அவ கேக்கா.

பாளை_பையன்
போனுக்கு அடுத்துதான் அண்ணாச்சி. ப்ளே ஸ்டோர்ல புதுசா பெர்சனல் அக்கவுண்ட் தொறக்கவங்க 12 பேர வச்சு விடாம 14 நாள் டெஸ்ட் பண்ணணுமாம், எங்க தெருவுலயே ஆள் சேத்துருவேன். இப்ப மொதல்ல இட்ச்ல சும்மா குடுக்கேன், ஓட்டைய அடச்சுட்டு ஸ்டீம். சனிக்கெழம லிங்க் போடுதேன், வெளாண்டு பாத்து உங்க ஊர்ல பசு எப்டி எடுப்பீங்கன்னு எழுதுங்க, நாலு முத்து சேந்தா குழிக்காரருக்குன்னுதான் நான் போட்ருக்கேன், வேற கணக்கு இருந்தா செட்டிங்ஸ்ல சேக்கணும்.