விடியற்காலை இழுப்பு, ஏழு வாரமாகத் தூக்கமில்லை

என் மனைவிக்கு 41 வயது, 12 வருடமாக ஆஸ்துமா. ஏழு வாரமாக, மூன்றரை நான்கு மணிக்கெல்லாம் இருமலோடு எழுந்துவிடுகிறாள். கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்திருப்பாள். தோள் இரண்டும் ஏறி இறங்கும், மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கும். அதன்பிறகு தூக்கமே கிடையாது.

நன்றாகத் தூங்கினால் காலையில் பீக் ஃப்ளோ (வேகமாக ஊதும்போது மூச்சு வெளியேறும் வேகம்) 380. நான்கு மணி நேரம்தான் தூங்கினாள் என்றால் 290. விடியற்காலையில் மூச்சுக்குழாய் சுருங்குவது இயல்பு என்றார் டாக்டர். ஆனால் தூக்கம் கெட்டால் மறுநாள் பகலிலும் அவளால் மாடிப்படி ஏற முடிவதில்லை. பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஸ்டீராய்டு இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து இரண்டு வேளையும் தவறாமல் எடுக்கிறாள். எடுக்கும் முறையையும் டாக்டர் பார்த்துச் சரி என்றுவிட்டார். மெத்தை, தலையணைக்குத் தூசிப்பூச்சி உறை போட்டாயிற்று. விரிப்புகளை வாராவாரம் வெந்நீரில் துவைக்கிறோம். நெஞ்செரிச்சலுக்காக இரவுச் சாப்பாட்டையும் சீக்கிரமே முடித்துவிடுகிறோம். மாண்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை கொடுத்தபோது கெட்ட கனவுகள் வந்ததால் டாக்டரே நிறுத்திவிட்டார்.

இன்னொன்று, சில மாதமாகக் குறட்டை அதிகம். நடுவில் மூச்சு நின்று, திடுக்கென்று இழுக்கிறாள். அடுத்த வாரம் டாக்டரிடம் இதைச் சொல்லப்போகிறேன்.

ஆஸ்துமாவோடு ஸ்லீப் ஆப்னியாவும் (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது) இருந்து, அதற்குச் சிகிச்சை எடுத்தபின் இரவு இழுப்பு குறைந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?