பொருள்: கிரில், பார்பிக்யூ – ‘சுடுதட்டி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவில் அண்ணன் தொடங்கிய இழையைத் தொடர்கிறேன். வீட்டு விளையில் (தோட்டத்தில்) வைத்துக் கோழியும் மீனும் சுடக் கரி கிரில் வாங்குவதா, கேஸ் கிரில் வாங்குவதா என்று கேட்டவர், இரண்டுக்கும் பொதுவாகத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்றும் கேட்டிருந்தார். இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக எடுத்துத்தான் எல்லோரும் பதில் எழுதினோம். எனக்கு அவை ஒரே கேள்வியாகப் படுகின்றன. கரிக்கும் கேஸுக்கும் இடையே எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்தால், மாறாமல் நிற்பதற்குத்தான் பெயர் வைக்க வேண்டும்.

‘கிரில்’ என்றே விட்டுவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் போய் “கிரில் ஒண்ணு செய்யணும்” என்றேன். “சன்னலுக்கா, கேட்டுக்கா? அளவு கொண்டு வந்திருக்கியளா?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரிதான். நம் ஊரில் அந்தச் சொல் சன்னல் கம்பிக்கு எப்போதோ போய்விட்டது.

> கரியடுப்பு என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, அது போதாதா?

கரியடுப்பு பாத்திரம் வைத்துச் சமைக்கிற அடுப்பு. நாம் பேசும் பொருளில் பாத்திரமே கிடையாது, இறைச்சிக்கும் நெருப்புக்கும் நடுவே கம்பிகள் மட்டும்தான். அதோடு, கேஸில் எரிவதைக் கரியடுப்பு என்று எப்படிச் சொல்வது?

> ‘வாட்டடுப்பு’ என்று வைக்கலாமே.

தக்கலை அக்கா சொன்ன இந்தச் சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் நாம் எதை வாட்டுவோம்? பொதிச்சோறு கட்ட வாழையிலையை வாட்டுவோம். துவளும் அளவுக்குச் சூடு காட்டி எடுப்பதுதான் வாட்டுதல், வேகவைப்பது அதில் சேராது. கோழிக்காலை வாட்டி மட்டும் எடுத்தால் எலும்போரம் பச்சையாகவே இருக்கும். இங்கே நடப்பது சுடுதல்தான். சாளை மீனைக் கனலில் சுட்டோம், மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளி) சுட்டோம், அண்டிக்கொட்டையை (முந்திரி) சுட்டோம். வினைச்சொல்லைத் தேடி நாம் எங்கும் போக வேண்டாம்.

இனி, மற்ற மொழிக்காரர்கள் இந்தச் சமையலில் எதைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்தார்கள் என்று பார்த்தேன். நம் பக்கத்துக் கடைகளில் ‘அல்பாம்’ என்று எழுதிச் சுட்ட கோழி விற்கிறார்களே, அரபியில் ‘அல் ஃபஹ்ம்’ என்றால் கரி. அங்கே எரிபொருள் பெயராகிவிட்டது. தந்தூரியில் ‘தந்தூர்’ என்ற அடுப்பே பெயர். பார்பிக்யூ கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் மொழியிலிருந்து ‘பார்பகோவா’ என்று ஸ்பானிஷுக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதன் பழைய பொருள் குச்சிகளால் கட்டிய பரண். கிரில் என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘க்ராட்டிகுலா’ என்றால் சின்னப் பின்னல் தட்டி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் நெருப்பை விட்டுவிட்டு அதன் மேலிருக்கும் தட்டிக்குப் பெயர் வைத்திருக்கின்றன! இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் தட்டி நம் வீட்டுச் சொல். ஓலைத்தட்டி, மூங்கில்தட்டி என்று பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஆகவே என் முன்மொழிவு: சுடுதட்டி.

சுட்ட தட்டி, சுடுகின்ற தட்டி, சுடும் தட்டி என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. அதனால் நடுவில் ஒற்று மிகாது. கரியில் எரிவது கரிச்சுடுதட்டி, கேஸில் எரிவது வாயுச்சுடுதட்டி. பேச்சில் ‘கேஸ் சுடுதட்டி’ என்று வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. நாளை மின்சாரத்தில் ஒன்று வந்தாலும் அடிச்சொல் மாற வேண்டியதில்லை.

> சுடு என்று தொடங்கினால் சுடுகாடு நினைவுக்கு வருகிறதே.

சுடுசோறும் சுடுநீரும் தினமும் நம் வாயில் வருகின்றன. சுடுமண் சிற்பம் என்றும் தயங்காமல் எழுதுகிறோம்.

> தோசையும் சுடுகிறோம், வடையும் சுடுகிறோம். குழப்பம் வராதா?

வராது என்றுதான் நினைக்கிறேன். தட்டியில் மாவு ஊற்ற முடியாது, எண்ணெயும் நிற்காது. சொல்லின் பின்பாதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

சரி, இப்போது அண்ணனின் முதல் கேள்விக்கு வருகிறேன். தட்டி மாறவில்லை, அதன் கீழே இருப்பதுதான் மாறுகிறது.

கரி கொழுந்துவிட்டு எரியும்போது யாரும் இறைச்சியை வைக்கக் கூடாது. தீ அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் படிய வேண்டும். இருபது நிமிடமாவது பிடிக்கும், சிரட்டைக்கரியாக (தேங்காய் ஓட்டுக் கரி) இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. இந்தப் பக்குவத்துக்கு ஒரு கலைச்சொல் வேண்டும் என்று சென்னைத் தம்பி எழுதியிருந்தார். தம்பி, அது நம்மிடம் முன்னமே இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. ‘கரி நீறு பூத்ததும் சுடுதட்டியில் மீனை வை’ என்று ஒரு சமையல் குறிப்பில் எழுதினால் நம் ஊர்ப் பாட்டிகளுக்குக்கூட விளக்கம் தேவைப்படாது. ‘நீறு பூத்தல்’ என்பதை அப்படியே கலைச்சொல்லாக எடுத்துக்கொள்வோம்.

நீறு பூத்த கனலிலிருந்து வெப்பம் கதிராகப் பாய்கிறது. கரியில் பெரும்பகுதி வெறும் கார்பன், அதனால் அந்தச் சூடு வறண்ட சூடு. மீனின் தோல் சீக்கிரம் முறுகுவது அதனால்தான். கேஸ் எரிந்தால் கூடவே நீராவியும் உண்டாகும், ஆகவே அதன் சூட்டில் கொஞ்சம் ஈரம் இருக்கும். அப்புறம் புகைமணம். அது கரியிலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகப் பிடித்த கரியில் தனக்கென்று மணம் அதிகம் இல்லை. மீனின் நெய் கனலில் சொட்டி, அங்கேயே கருகி, புகையாக எழுந்து மீனையே தொடுகிறது. மணத்தில் பெரும்பகுதி அதுதான். கேஸ் சுடுதட்டியில் தீக்கு மேல் ஒரு தகடு வைத்து, நெய் அதில் சொட்டும்படி செய்திருப்பார்கள். அந்தத் தகட்டைச் ‘சொட்டுத்தகடு’ என்போம். ஆக, கேஸிலும் மணம் உண்டு, அளவுதான் குறைவு. ஒரே நாளில் வாங்கிய சாளையை இரண்டிலும் சுட்டுத் தின்று பார்த்தேன். நெய் வழியும் சாளையில் வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. தோலுரித்த கோழித்துண்டில் அவ்வளவாகத் தெரியவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் காற்றையும் மழையையும் மறந்துவிட்டு யாரும் வாங்க வேண்டாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் காற்றை நம்பித்தானே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் கேஸ் தீ அணைந்துபோகும். தீ அணைந்தாலும் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும், அது காற்றைவிடக் கனமானதால் தரையோரம் தங்கும். மூடியைத் திறக்காமல் மறுபடி பற்றவைப்பது ஆபத்து. கரி அணையாது, ஆனால் ஊதுலை போலச் சீறி எரிந்து தீர்ந்துவிடும், சாம்பலும் பறக்கும். 1952-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், தான் வேலை பார்த்த இடத்தில் கடல்மிதவைக்காகச் செய்த உலோக அரைக்கோளத்தை எடுத்து, மூடி போட்ட கரிச்சுடுதட்டி செய்தார். மூடியிலும் அடியிலும் இருக்கும் துளைகளைத் திறந்து மூடித்தான் அதில் சூட்டை ஏற்றி இறக்குகிறார்கள். அந்தத் துளைக்குக் ‘காற்றுக்கண்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். நம் ஊரில் கரிச்சுடுதட்டி வாங்கினால் மூடியும் காற்றுக்கண்ணும் இருப்பதாகவே வாங்குங்கள்.

மழைக்கு நமக்கு இரண்டு பருவம். நனைந்த கரியோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்த மாதங்களில் கேஸ்தான் வசதி. ஒன்றை மட்டும் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்: மழை வந்துவிட்டது என்று கனலோடு சுடுதட்டியைத் திண்ணைக்கோ கார் ஷெட்டுக்கோ இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தீ அடங்கிவிட்டது போலத் தெரியும் கனலும் அதை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அண்ணன், கரிச்சுடுதட்டியை வாங்குங்கள். தென்னை நிற்கிற விளையில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. கொல்லன் உலைக்கும் தேய்ப்புப்பெட்டிக்கும் போட்ட அதே சிரட்டைக்கரிதான், இறுக்கமாக இருப்பதால் நல்ல சூடு தரும், புகையும் குறைவு. கரியாகாத பச்சைச் சிரட்டையைப் போட்டால் தார்ப்புகை வந்து மீன் கசந்துவிடும். பற்றவைக்கக் கதம்பையும் (தேங்காய் மட்டை) காய்ந்த கொதும்பும் (தென்னம்பாளை) போதும், மண்ணெண்ணெய் வேண்டாம். கோழிக்காலுக்குக் கனலை ஒரு பக்கமாக ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து மூடிவிடுங்கள். இதைப் ‘பக்கச்சூடு’ என்றும், கனலுக்கு நேர் மேலே வைப்பதை ‘நேர்ச்சூடு’ என்றும் சொல்லலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை முடிந்து வந்து சுடுபவராக இருந்தால் மட்டும் என் பதில் மாறும், அவருக்குக் கேஸ்தான் சரி.

> இறைச்சி கோக்கும் கம்பிக்கு என்ன சொல்?

காழ். பொருநராற்றுப்படையில் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ என்று வருகிறது. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித்துண்டு. அங்கேயும் வினை ‘சுட்ட’ என்றே இருப்பதைக் கவனியுங்கள். பேச்சில் ‘கம்பி’ என்றே இருக்கட்டும், நம் கலைச்சொல் பட்டியலில் காழுக்கும் ஓர் இடம் கொடுப்போம்.

மிச்சம் இருப்பது ஒன்று. கேஸ் சுடுதட்டியின் அடியில் நெய் வடிந்து சேர, இழுத்து எடுக்கும்படி ஒரு தட்டு இருக்குமே, அதற்கு எனக்குச் சொல் அகப்படவில்லை. அடுக்களையில் நின்ற அம்மையிடம் அதைக் காட்டி “இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?” என்று கேட்டேன். “வடிதட்டு” என்று சொல்லிவிட்டுக் கழுவப் போட்டுவிட்டாள். பட்டியலில் சேர்த்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
மார்த்தாண்டத்திலிருந்து